ஐந்து பதிவு எண்கள் இருந்தும் வழக்குப் போட முடியாத நிறுவனம்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஈரோடு மாவட்டத்தின் ஒரு சிற்றூரில் அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து நடத்தும் மசாலாப் பொடித் தொழிலில் 2019 முதல் 2025 வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். இருவரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஊர், பெயர், பிராண்டு எதையும் சொல்லவில்லை. சிறு உற்பத்தியாளர்களுக்குக் கணக்கும் ஆலோசனையும் பார்க்கும் எங்கள் அலுவலகத்துக்கு இந்த விவகாரம் 2024 ஜனவரிக் கடைசியில் வந்தது.

இதை விரிவாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் எங்களிடம் வரும்போது "எல்லா ரிஜிஸ்ட்ரேஷனும் பண்ணிட்டோங்க" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். இவர்களும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள், அதில் பொய்யும் இல்லை. பான், ஜிஎஸ்டி, உணவுப் பாதுகாப்புப் பதிவு, உத்யம் (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு), டிரேட்மார்க் விண்ணப்பம் என்று ஐந்து எண்கள் அவர்கள் கையில் இருந்தன. நிறுவனத்தையே பதிவு செய்திருக்கவில்லை என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

பின்னணி

2019-இல் வீட்டுச் சமையலறையில் தொடங்கினார்கள். சாம்பார் பொடி, ரசப் பொடி, மஞ்சள் தூள், பிறகு சத்துமாவு. அண்ணி நகையை அடகு வைத்து 3 லட்சம் போட்டார். நாத்தனார் போட்டது ஒன்றரை லட்சம். அரைவை இயந்திரம் வைக்கும் ஷெட் நாத்தனாரின் மாமனாருக்குச் சொந்தம், வாடகை பேசவில்லை. வறுப்பது, அரைப்பது, ஆள் வைத்து வேலை வாங்குவது எல்லாம் நாத்தனார் பொறுப்பு. கடைகளுக்குப் பேசுவது, கணக்கு, வங்கி அண்ணியின் பொறுப்பு. பிராண்டுக்கு வைத்தது நாத்தனாரின் அம்மா பெயர், அதாவது அண்ணியின் மாமியார் பெயர். பொடியின் பக்குவம் அந்த அம்மாவுடையது.

லாபத்தை எப்படிப் பிரிப்பது என்று இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. "நமக்குள்ள என்னத்துக்கு அம்மிணி பத்திரம்" என்று அண்ணி சொன்னதாக நாத்தனார் பின்னால் நினைவுகூர்ந்தார். குறையாக இல்லை, நடந்ததைச் சொல்கிற தொனியில்தான் சொன்னார். வந்த பணத்தை வீட்டுச் செலவுக்கு ஏற்றபடி எடுத்துக்கொண்டார்கள், மிச்சம் சரக்கில் போனது.

கரண்ட் அக்கவுண்ட் திறக்கப் போனபோது வங்கியில் பார்ட்னர்ஷிப் டீட், அதாவது கூட்டாண்மைப் பத்திரம் கேட்டார்கள். பத்திரம் எழுதுகிறவர் ஒருவர் 20 ரூபாய் முத்திரைத்தாளில் ஒன்றரைப் பக்கம் அடித்துக் கொடுத்தார். அதில் "லாப நஷ்டம் பங்கு விகிதப்படி" என்று ஒரு வரி இருக்கிறது. விகிதம் என்ன என்பது எங்கும் இல்லை. அந்தத் தாளை வைத்தே நிறுவனத்தின் பெயரில் பான் வாங்கினார்கள், கணக்கும் திறந்தது. கணக்கை இயக்கும் கையெழுத்து அண்ணியுடையது மட்டும்.

2021-இல் பெங்களூரில் இருந்து ஒரு கடை சரக்குக் கேட்டது. சரக்கு விற்பவருக்குத் தமிழ்நாட்டுக்குள் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. மாநிலம் தாண்டிச் சரக்கு போனால் அந்த வரம்பு பொருந்தாது. இது தெரிந்து முறையாகவே ஜிஎஸ்டி எடுத்தார்கள். இந்தக் கோப்பில் சரியான நேரத்தில் நடந்த காரியம் என்று இதைச் சொல்லலாம், பின்னால் அது கை கொடுக்கவும் செய்தது. 2022 நவம்பரில் கடன் கேட்கப் போன இடத்தில் உத்யம் சான்றிதழ் கேட்டார்கள். கட்டணமில்லாத பதிவு, அன்றே செய்தார்கள்.

பணம் நின்றது

2022 தொடக்கத்தில் பக்கத்து மாவட்டத்து விநியோகஸ்தர் ஒருவர் பெரிய அளவில் வாங்க ஆரம்பித்தார். ஆர்டர் வாட்ஸ்அப்பில் வரும், சரக்கு பார்சல் சர்வீஸில் போகும், பில் கூடவே போகும். எத்தனை நாளில் பணம் என்பதற்கு எழுத்து எதுவும் இல்லை. ஆரம்பத்தில் மாதக் கடைசியில் தந்துகொண்டிருந்தவர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தினார். 2023 ஆகஸ்டோடு சரக்கை நிறுத்தினார்கள். அப்போது நிலுவை 9,36,000 ரூபாய்.

டிசம்பரில் ஒரு வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் போனது. ஜனவரியில் பதில் வந்தது. மூன்று விஷயங்கள் அதில் இருந்தன. உங்கள் நிறுவனம் பதிவு பெறாத கூட்டாண்மை, எனவே வழக்குத் தொடுக்க முடியாது. உணவுப் பாதுகாப்புப் பதிவு தனிநபர் பெயரில் இருக்கிறது, பில் வேறு பெயரில் இருக்கிறது, இதைத் துறைக்குத் தெரியப்படுத்துவோம். சத்துமாவில் ஈரப்பதம் இருந்து சரக்கு வீணானது, அதைக் கழிக்க வேண்டும்.

அந்தப் பதிலை மேசையில் வைத்துவிட்டு அண்ணி கேட்ட கேள்வி: "சார், மாசாமாசம் ஜிஎஸ்டி கட்டறோம். கவர்மெண்டுக்குத் தெரிஞ்ச கம்பெனிதானுங்களே. பதிவு இல்லைனு எப்படிங்க சொல்றாங்க?"

கோப்பைத் திறந்தபோது கண்டவை

அண்ணியின் கேள்வி நியாயமானது. பதிவு என்ற பெயரில் நாலைந்து அலுவலகங்களில் நாலைந்து வேலைகள் நடக்கின்றன. பான் வருமான வரிக்கு, ஜிஎஸ்டி சரக்கு வரிக்கு, உத்யம் நிறுவனத்தின் அளவைச் சொல்ல. இவற்றில் எதுவுமே கூட்டாண்மை நிறுவனத்தின் பதிவு ஆகாது. அது 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் செய்வது. செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. செய்யாவிட்டால் அபராதமும் கிடையாது. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அதே சட்டத்தின் 69-ஆம் பிரிவு, பதிவு பெறாத நிறுவனம் ஒப்பந்தத்தில் இருந்து வரும் உரிமைக்காக வெளியாள் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்கிறது. வெளியாள் இவர்கள் மீது வழக்குப் போடலாம், இவர்கள் போட முடியாது. விநியோகஸ்தரின் வழக்கறிஞர் எழுதியது சட்டப்படி சரி.

அதே பிரிவு கூட்டாளிகளுக்குள்ளும் கதவை அடைக்கிறது. ஒரு கூட்டாளி இன்னொருவர் மீது பங்கு கேட்டோ கணக்குக் கேட்டோ வழக்குப் போட வேண்டுமானால் நிறுவனத்தைக் கலைக்கக் கோரியோ, கலைத்த பிறகு கணக்குக் கேட்டோதான் போட முடியும். தொழில் ஓடிக்கொண்டிருக்கும்போதே உரிமை கேட்க நீதிமன்றத்தில் வழியில்லை.

20 ரூபாய்த் தாளுக்கும் பலமில்லை. முத்திரைக் கட்டணம் குறைவாக உள்ள ஆவணத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்பதற்கு முன் பாக்கிக் கட்டணத்தையும், அதன் பத்து மடங்கு வரை போகக்கூடிய தண்டத்தையும் கட்ட வேண்டியிருக்கும்.

உணவுப் பாதுகாப்பில் இரண்டு கோளாறுகள். ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டும் அடிப்படைப் பதிவு அண்ணியின் சொந்தப் பெயரில் இருந்தது. அப்போதைய விதிப்படி அது ஆண்டு விற்பனை 12 லட்சம் வரை உள்ளவர்களுக்கு. இவர்கள் 2022–23-இல் 31 லட்சம் விற்றிருந்தார்கள். மாநில உரிமம் எடுத்திருக்க வேண்டும், அதையும் நிறுவனத்தின் பெயரில் எடுத்திருக்க வேண்டும்.

கடைசியாகப் பார்த்தது டிரேட்மார்க். விண்ணப்பம் போட்டாயிற்று என்று சொல்லியிருந்தார்கள். இணையத்தில் நிலையைத் தேடி, அச்செடுத்து மேசையில் வைத்தோம். உரிமையாளர் என்ற இடத்தில் அண்ணியின் பெயர் மட்டும் இருந்தது. பயன்பாடு எப்போதிருந்து என்ற இடத்தில் "இனிமேல் பயன்படுத்தவிருப்பது" என்று இருந்தது. 2023-இல் கல்லூரியில் படிக்கும் அண்ணியின் மகன் 4,500 ரூபாய் கட்டித் தானே நிரப்பிய விண்ணப்பம். நாத்தனார் அந்தத் தாளை வெகுநேரம் கையில் வைத்திருந்தார்.

"எங்கம்மா பேருங்க அண்ணி அது. உங்க ஒருத்தர் பேருல எப்படிப் போகும்?"

"பையன் ஏதோ நல்லது செய்யறதா நெனச்சுப் போட்டுட்டான் அம்மிணி. உனக்குத் தெரியாம செய்யோணும்னு இல்ல."

இருவர் சொன்னதையும் நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இல்லாமலே ஒருவரின் உரிமை காணாமல் போகலாம். விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை நிரப்பும்போது அது நடந்துவிடுகிறது.

முதல் முடிவு: வழக்கை உடனே போடவில்லை

நோட்டீஸ் அனுப்பிய வழக்கறிஞர் வழக்கு மனுவைத் தயாராக வைத்திருந்தார். போட்டுவிட்டுப் பிறகு நிறுவனத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்பது அவர் யோசனை. வேண்டாம் என்று முடிவெடுத்தோம். வழக்குத் தொடுக்கும் நாளில் பதிவு இருக்க வேண்டும் என்பதும், பின்னால் செய்யும் பதிவு அந்த வழக்கைக் காப்பாற்றாது என்பதும் உச்ச நீதிமன்றத்தில் ஏற்கெனவே தீர்ந்த விஷயம். தள்ளுபடியானால் பதிவுக்குப் பிறகு புதிதாகப் போடலாம்தான். ஆனால் நீதிமன்றக் கட்டணம் போகும், காலக்கெடுவும் ஓடிக்கொண்டிருக்கும்.

நல்ல வேளையாக, பழைய சரக்கை விற்ற நாளில் பதிவு இருந்திருக்க வேண்டியதில்லை. வழக்கு நாளில் இருந்தால் போதும். சரக்கு விற்ற பணத்துக்கு மூன்று ஆண்டு காலக்கெடு. நிலுவையில் மிகப் பழைய பில் 2022 செப்டம்பருடையது. கோப்பில் இன்னொரு காகிதமும் கிடைத்தது: 31-3-2023 அன்று "உங்களுக்கு நாங்கள் தர வேண்டியது 6,26,000" என்று விநியோகஸ்தர் கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுத்த இருப்பு உறுதிக் கடிதம். ஆண்டுக் கணக்கு முடிக்க அண்ணி வழக்கமாக எல்லாக் கடைகளிடமும் வாங்குவது. கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட நாளில் இருந்து காலக்கெடு புதிதாக எண்ணப்படும். ஆக அவசரமில்லை.

வேறொரு இடத்தில் முடிச்சு இருந்தது. நிறுவனத்தைப் பதிவு செய்யும் விண்ணப்பத்தில் எல்லாக் கூட்டாளிகளும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வாரம் நாத்தனார் ஷெட்டுக்கு வரவே இல்லை. வெளியாளிடம் பணம் வாங்க வேண்டுமானால் முதலில் இவர்கள் இருவருக்குள் எழுத்து வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. ஐந்து ஆண்டுகளாகத் தேவைப்படாத பத்திரம் அன்று இல்லாமல் ஒரு அடி நகர முடியவில்லை.

இரண்டாவது முடிவு: இருவருக்குள் எழுதிக்கொண்டது

பிப்ரவரியில் மூன்று அமர்வுகள் உட்கார்ந்தார்கள். கணவன்மார்கள் வர வேண்டாம் என்று நாத்தனார் கேட்டார், அண்ணியும் ஒத்துக்கொண்டார். அது பெரிய உதவியாக இருந்தது.

லாபத்தில்தான் சிக்கல் பெரிது. மூன்று பங்கில் இரண்டு தனக்கு, ஏனென்றால் போட்ட பணம் அப்படி என்பது அண்ணியின் கணக்கு. சரிபாதி, ஏனென்றால் வேலை தன்னுடையது என்பது நாத்தனாரின் கணக்கு. எழுத்தில் விகிதம் இல்லாவிட்டால் சமபங்கு என்கிறது கூட்டாண்மைச் சட்டம். யார் எவ்வளவு போட்டார் என்று அது பார்ப்பதில்லை. இதைச் சொன்னபோது அண்ணிக்கு முகம் வாடியது. நகை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

சட்டம் சமபங்கு என்கிறது என்பதற்காக அதை அப்படியே எழுதிவிடவும் நாங்கள் விரும்பவில்லை. ஒருவர் பணத்தைக் கூடுதலாகப் போட்டிருக்கிறார், இன்னொருவர் உடலுழைப்பைக் கூடுதலாகப் போட்டிருக்கிறார். இரண்டையும் லாப விகிதம் என்ற ஒரே எண்ணில் அடக்கப் பார்ப்பதால்தான் பெரும்பாலான கூட்டு உடைகிறது. தனித்தனியாகப் பிரித்தோம். போட்ட மூலதனம் அவரவர் பெயரில் கணக்கில் நிற்கும், அதற்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. வருமான வரியில் கழிக்க அனுமதிக்கும் உச்சமும் அதுதான். வேலைக்குச் சம்பளம்: நாத்தனாருக்கு மாதம் 12,000, அண்ணிக்கு 8,000. கூட்டாளிச் சம்பளம் டீடில் எழுதியிருந்தால்தான் வரியில் கழியும் என்பதால் அதை டீடிலேயே எழுதினோம். இதெல்லாம் போக மிஞ்சும் லாபம் சரிபாதி. ஷெட்டுக்கு நாத்தனாரின் மாமனாரோடு 11 மாத வாடகை ஒப்பந்தம். பெரியவர் முதலில் கோபப்பட்டார். அவர் காலத்துக்குப் பின் அந்த ஷெட்டுக்கு அவருடைய மற்ற பிள்ளைகளும் உரிமை கேட்கலாம் என்று மருமகள் சொன்ன பிறகு கையெழுத்துப் போட்டார்.

வங்கியில் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க இருவர் கையெழுத்து. விலக நினைப்பவர் மூன்று மாதம் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். பிராண்டுப் பெயர் விலகுபவரோடு போகாது. இருவரில் ஒருவர் இறந்தால் என்ன என்ற பத்தியை எழுதும்போது நாத்தனார் "அது வேண்டாமுங்க" என்றார். வற்புறுத்தி எழுத வைத்தோம். இரண்டே பேர் உள்ள கூட்டில் ஒருவர் போய்விட்டால் கூட்டே இல்லாமல் போகிறது. ஜிஎஸ்டி, உரிமம், வங்கி எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடும். வாரிசு ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும் வழியை இன்றே எழுதி வைப்பது இருப்பவருக்கும் போனவரின் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

எல்எல்பி, அதாவது வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை ஆக்கலாமா என்றும் யோசித்தோம். சாதாரணக் கூட்டாண்மையில் நிறுவனத்தின் கடனுக்குக் கூட்டாளிகள் இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு, வீடும் நகையும் கூட அதில் வரும். எல்எல்பியில் அந்தப் பயம் பெரிதும் குறையும். ஆனால் நிலுவை முழுவதும் இந்தக் கூட்டாண்மையின் பெயரில் நின்றது. வசூல் முடியும் முன் உருவத்தை மாற்றினால் எதிர்த் தரப்புக்கு இன்னொரு வாதம் கிடைக்கும் என்று ஒத்திவைத்தோம்.

உரிய முத்திரைக் கட்டணத்தோடு புதிய டீட் பிப்ரவரிக் கடைசியில் கையெழுத்தானது. மாவட்டப் பதிவாளரிடம் இருந்து நிறுவனப் பதிவுச் சான்று ஏப்ரலில் கிடைத்தது.

பெயரும் கவரும்

டிரேட்மார்க்கில் பழைய விண்ணப்பத்தைத் திருத்தப் பார்க்கவில்லை. உரிமையாளரும் தவறு, பயன்பாட்டுத் தேதியும் தவறு என்னும்போது ஒட்டுப் போடுவதை விடப் புதிதாகப் போடுவது பாதுகாப்பு. பயன்பாட்டுத் தேதி சின்ன விஷயமில்லை. நாளை வேறொருவர் இதே பெயரில் வந்தால், யார் முதலில் பயன்படுத்தினார் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். 2019 முதல் விற்கிற பெயரை "இனிமேல்" என்று நாமே எழுதிக் கொடுத்தால் ஐந்து ஆண்டு உழைப்பை நாமே இல்லை என்று சொன்னதாகிறது. கூட்டாளிகள் இருவர் பெயரிலும், 2019-ஆம் ஆண்டு பில்களும் கவர் அச்சடித்த ரசீதும் இணைத்த பிரமாணப் பத்திரத்தோடு மசாலா, மாவு போன்றவை வரும் 30-ஆம் வகுப்பில் புது விண்ணப்பம் போனது. உத்யம் சான்று இருந்ததால் கட்டணம் 9,000 ஆகாமல் 4,500-லேயே முடிந்தது. பழைய விண்ணப்பத்தை அண்ணி தானாகவே திரும்பப் பெற்றார்.

இடையில் ஒன்று. பதிவு பெறாத நிறுவனம் தன் பெயரைக் காப்பியடிப்பவர் மீதும் வழக்குப் போட முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஹல்திராம் வழக்கில் 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பெயரைக் காக்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்து வருவதல்ல, அதனால் 69-ஆம் பிரிவின் தடை அதற்குக் கிடையாது. கடன் வசூலுக்குத்தான் தடை.

உணவு உரிமத்தைப் பொறுத்தவரை விநியோகஸ்தர் புகார் செய்வதற்குக் காத்திருக்க வேண்டாம், நாமே முதலில் சரிசெய்வோம் என்று முடிவு. நிறுவனத்தின் பெயரில் மாநில உரிமத்துக்கு விண்ணப்பித்தார்கள். அலுவலர் ஷெட்டைப் பார்வையிட்டு, தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையும் வேலையாட்களின் மருத்துவச் சான்றும் கேட்டார். பழைய 14 இலக்க எண் அச்சடித்த கவர்கள் 11,000 மிச்சம் இருந்தன, மதிப்பு 38,000 ரூபாய். தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் மாறிய பிறகு அந்தக் கவரில் ஒரு பாக்கெட் கூடப் போகக் கூடாது என்றோம். அண்ணிக்கு அது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தினார்.

பணத்தை வசூலித்த விதம்

நிலுவையை மூன்றாகப் பிரித்தோம். உத்யம் பதிவுக்கு முந்தைய பில்கள் 1,84,000. பதிவுக்குப் பின் 2023 மார்ச் வரை 4,42,000. 2023 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை 3,10,000. இந்தப் பிரிவினைதான் எங்கே எப்படிக் கேட்பது என்பதை முடிவு செய்தது.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. அப்போது வங்கி விகிதம் 6.75 சதவீதம், ஆக 20.25 சதவீதம். சரக்கில் குறை இருந்தால் பெற்ற 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். ஈரப்பதம் என்ற புகார் பதில் நோட்டீஸில்தான் முதன்முதலாக வந்தது. அதோடு அந்த வாதம் செத்தது.

மார்ச் முதல் வாரத்தில் விநியோகஸ்தருக்கு, அவர் ஆடிட்டருக்கு ஒரு நகலோடு கடிதம் போனது. மிரட்டல் எதுவும் இல்லாத ஒரு பக்கக் கடிதம். அதில் சொன்னவை இரண்டே. குறு, சிறு உற்பத்தியாளருக்கு உரிய காலத்தில் தராத பணத்தை, அதை உண்மையில் தரும் ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்ற வருமான வரி விதி, 43பி பிரிவின் எச் உட்பிரிவு, 2023–24 நிதியாண்டில் இருந்து நடைமுறைக்கு வந்திருக்கிறது. 31 மார்ச்சுக்குள் தராவிட்டால் 3,10,000-மும் அவருடைய லாபத்தில் ஏறி வரி கட்ட வேண்டி வரும். இரண்டாவது, பில் தேதியில் இருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்தப் பில்லில் எடுத்த ஜிஎஸ்டி வரவை, அதாவது தன் வரியில் கழித்துக்கொண்ட தொகையை, வட்டியோடு திருப்ப வேண்டும். இவர்கள் மாதாமாதம் தவறாமல் தாக்கல் செய்திருந்ததால் ஒவ்வொரு பில்லும் அவர் கணக்கில் பதிவாகியிருந்தது. சரக்கே வரவில்லை என்று சொல்ல வழியில்லை.

30 மார்ச் 2024 அன்று 3,10,000 வங்கியில் ஏறியது. போன் எதுவும் வரவில்லை.

மீதி 4,42,000-க்கும் மொத்த வட்டிக்கும் மே மாதம், குறு, சிறு நிறுவனங்களுக்கு வர வேண்டிய பணத்தை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்தில் மனுப் போட்டோம். வாங்கியவர் நாட்டில் எங்கிருந்தாலும் விற்றவர் இருக்கும் இடத்து மன்றம் விசாரிக்கலாம் என்பது சிறு நிறுவனத்துக்குப் பெரிய சௌகரியம். 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் 2025 ஜனவரி வரை போனது. சமரசப் பேச்சில் அசல் முழுவதும், வட்டியாக 60,000-மும் நான்கு தவணையில் தருவதாக எழுதிக்கொண்டார்கள். சட்டப்படி வட்டி மட்டும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. தொடர்ந்து போராடினால் முழு வட்டியும் கிடைத்திருக்கலாம். எதிர்த் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும் என்பதும் இவர்களுக்குச் சாதகம். ஆனாலும் நகையை மீட்கும் தவணை அண்ணியின் தலைமேல் நின்றது. விட்டுக்கொடுப்பது அவர்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு, நாங்கள் மறுக்கவில்லை.

உத்யம் பதிவுக்கு முந்தைய 1,84,000-ஐ மன்றத்தில் கேட்க முடியவில்லை. பதிவுக்குப் பிந்தைய சப்ளைக்கே இந்தச் சட்டத்தின் பலன் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. (இந்தக் கேள்வி பின்னர் 2025 ஜனவரியில் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது.) ஆகவே மன்றத்தை விட்டுவிட்டு, நிறுவனப் பதிவுச் சான்றையும் அந்த இருப்பு உறுதிக் கடிதத்தையும் வைத்து 2024 ஆகஸ்டில் உரிமையியல் நீதிமன்றத்தில் சாதாரணப் பண வழக்காகப் போட்டோம். பதிவு இல்லை என்ற ஆட்சேபணையை எதிர்த் தரப்பு இப்போது எழுப்பவில்லை.

இன்றைய நிலை

மன்றத்தில் ஒத்துக்கொண்ட தவணைகள் நான்கும் 2025 மேக்குள் வந்து சேர்ந்தன. 1,84,000-க்கான வழக்கு நடக்கிறது. புதிய உரிம எண்ணோடு புதுக் கவரில் சரக்குப் போகிறது. டிரேட்மார்க் விண்ணப்பம் பரிசோதனையைத் தாண்டி, டிரேட்மார்க் இதழில் வெளியாகி, நான்கு மாத ஆட்சேபணைக் காலத்தில் நிற்கிறது. அதுவரை பெயருக்குப் பக்கத்தில் டிஎம் என்றுதான் போட வேண்டும், வட்டத்துக்குள் ஆர் போடக் கூடாது என்று கவர் அச்சடிப்பவரிடம் எழுத்திலேயே கொடுத்தோம். பதிவாகாத பெயரைப் பதிவானதாகக் காட்டுவது குற்றம், அச்சகங்களில் இதைக் கேட்காமலே போட்டுவிடுகிறார்கள்.

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் இடையில் ஒரு மாதம் பேச்சு நின்றிருந்தது. இப்போது பேசுகிறார்கள், பழைய மாதிரி இல்லை என்று இருவருமே சொல்கிறார்கள். டீட் அதைச் சரி செய்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். மாதம் பத்தாம் தேதி கணக்கை இருவரும் உட்கார்ந்து பார்க்கிறார்கள், அது டீடில் இருக்கிறது, தவறாமல் நடக்கிறது.

மறுபடி செய்வதானால் மாற்ற வேண்டியவை

வங்கியில் டீட் கேட்ட அந்த நாள்தான் திருப்பம். அன்று ஒரு வாரம் தாமதித்து, விகிதம், மூலதனம், சம்பளம், விலகல் நான்கையும் பேசி, சரியான முத்திரையில் எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் பதிந்திருந்தால் இந்தக் கோப்பே இல்லை. மற்ற எல்லா எண்களையும் அந்த டீடில் உள்ள பெயரில்தான் எடுக்க வேண்டும். உணவு உரிமம் ஒருவர் பெயரில், ஜிஎஸ்டி நிறுவனத்தின் பெயரில், பிராண்டு மறுபடி அந்த ஒருவர் பெயரில் என்று சிதறியதற்குக் காரணம், அவற்றை எடுத்தபோது நிறுவனம் என்ற ஒன்று காகிதத்தில் முறையாக உருவாகியிருக்கவே இல்லை.

உத்யத்தைக் கடனுக்காக மட்டும் எடுப்பது என்ற பழக்கம் மாற வேண்டும். முதல் பில் போடும் முன் எடுத்திருந்தால் 1,84,000-மும் மன்றத்திலேயே கேட்டிருக்கலாம். உத்யம் எண்ணைப் பில்லிலேயே அச்சடிக்கச் சொல்கிறோம், கூடவே "பணம் 30 நாளில்" என்று ஒரு வரி. வாங்குகிறவரின் கணக்காளர் அதைப் பார்க்கும்போது அந்தப் பில் முதலில் தீரும்.

வாட்ஸ்அப் ஆர்டர்களை மாதாமாதம் எடுத்துச் சேமிக்க வேண்டும். இந்த விவகாரத்தில் நாத்தனாரின் பழைய போன் உடைந்து, 2022-ஆம் ஆண்டு ஆர்டர்களில் பாதி கிடைக்கவில்லை. பில்லும் பார்சல் ரசீதும் இருந்ததால் தப்பினார்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்க, அது எந்தக் கருவியில் இருந்து எப்படி எடுக்கப்பட்டது என்ற சான்றும் வேண்டும். கருவியே போன பிறகு அதைக் கொடுப்பது கஷ்டம். ஆண்டு முடிவில் இருப்பு உறுதிக் கடிதம் வாங்கும் அண்ணியின் வழக்கத்தை எங்களிடம் வரும் எல்லாருக்கும் இப்போது சொல்கிறோம்.

பண வழக்கு முடிந்ததும் எல்எல்பியாக மாற்றும் பேச்சை மறுபடி எடுப்பதாக இருவரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போது டிரேட்மார்க்கை எல்எல்பியின் பெயருக்கு எழுதிக் கொடுப்பதா, இருவர் பெயரிலேயே வைத்துப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் கொடுப்பதா என்பது முடிவாகவில்லை. நாத்தனாருக்கு இரண்டாவதுதான் விருப்பம்.